புகாராவில் செங்கல்லைப் பாருங்கள்

உஸ்பெகிஸ்தான் போகிறவர்களில் பெரும்பாலோர் சமர்கந்தின் நீலத்துக்காகத்தான் போகிறார்கள். ரெஜிஸ்தான் சதுக்கத்தில் ஆசைதீர நின்றுவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் ரயிலேறிப் புகாராவை ஒரு எட்டு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதை அப்படியே தலைகீழாக மாற்றச் சொல்வேன். சமர்கந்தில் கண்ணைப் பறிப்பது மெருகேற்றிய ஓடு. புகாராவில் செங்கல். மேலே பூச்சு எதுவும் இல்லாமல், சுட்ட மண்ணின் நிறத்திலேயே ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நிற்கிற செங்கல். அதைக் காலை வெயிலில் ஒரு தடவையும் பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். ஒரு பகலில் முடிகிற காரியம் இல்லை.

நான் என் மாமாவோடு போனேன். உம்மாவின் தம்பி. வளைகுடாவில் பல வருடம் மேஸ்திரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்குப் புகாரா என்றால் இமாம் புகாரி பிறந்த ஊர், அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் பிறந்தால் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் தொடங்கிவிடும். மாதம் முழுக்க இமாமின் தொகுப்பிலிருந்து ஹதீஸ்களை, அதாவது நபிமொழிகளை, ஓதி விளக்கம் சொல்வார்கள். மாமா சின்ன வயதிலிருந்தே அங்கே போய் உட்கார்ந்து கேட்டவர். அந்தப் பெயருக்குரிய ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஜியாரத் நோக்கத்தோடு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்க, போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இமாம் புகாரி கி.பி. 810இல் இங்கே பிறந்தார், ஆனால் அவருடைய அடக்கத்தலம் இங்கே இல்லை. ஊர் ஊராகப் போய் ஹதீஸ்களைத் திரட்டிய பிறகு, கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பினார். அப்போதைய ஆளுநர், அரண்மனைக்கு வந்து தன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்படி கேட்டார். கல்வியை அதிகாரத்தின் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வேண்டுமானால் பள்ளிவாசலுக்கோ என் வீட்டுக்கோ வரட்டும் என்று மறுத்துவிட்டார் இமாம். அதன் விளைவாக ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. 870இல் சமர்கந்துக்குப் பக்கத்தில் ஹர்தங் என்ற கிராமத்தில் காலமானார். அடக்கத்தலம் அங்கேதான். புகாராவில் இன்று நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையதுகூட அவர் மறைந்து சில பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுந்தது.

அந்த மிகப் பழைய கட்டடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். சாமானி அரச குடும்பத்தின் கல்லறை மாடம். பழைய நகரத்துக்கு மேற்கே, ராட்டினங்கள் சுற்றுகிற ஒரு பொதுப் பூங்காவுக்குள் இருக்கிறது. பத்து மீட்டர் சதுரம் இருக்கும், அதன் மேல் ஒரு குவிமாடம், நான்கு மூலைகளிலும் நான்கு குட்டிக் குவிமாடங்கள். பார்த்ததும் இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றும்.

புகாராவைத் தலைநகராக்கிய இஸ்மாயில் சாமானி 892 முதல் 907 வரை ஆண்டவர். நான் உயிரோடிருக்கும் வரை புகாராவுக்கு நானே மதில் என்று அவர் சொன்னதாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அவருடைய குடும்பத்துக்காக ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிக்கும் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் எழுந்தது இந்த மாடம். அதே சாமானிகளின் அரண்மனை நூலகத்தில்தான் பிற்காலத்தில் பெரிய மருத்துவ மேதையான இப்னு சீனா இளைஞராக உட்கார்ந்து படித்தார். அமீரின் நோயைக் குணப்படுத்தியதற்குக் கைம்மாறாகக் கிடைத்த அனுமதி அது. நூலகம் பிற்பாடு எரிந்துபோயிற்று.

மாமா செல்பேசியை எடுக்கவே இல்லை. நேராகச் சுவரை ஒட்டிப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூலையிலிருந்து சுவர் விளிம்பு ஓடுவதைப் பார்த்தார். தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்க்கிறவர்கள் பார்க்கிற பார்வை அது. பிறகு உள்ளங்கையைக் கல்லில் வைத்தார்.

"மாப்ள, இது அழகுக்கு ஒட்டின கல் இல்ல. சொவரே இதுதான்."

இந்தக் கட்டடத்தின் விஷயம் முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கிவிட்டது. நம் ஊர்ச் செங்கல் நீளமானது. அங்கே கல் சதுரமாக, தட்டையாக, பலகை போல இருக்கிறது. அதைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் மூலையைத் திருப்பியும், சில இடங்களில் உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் அடுக்கியிருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் நான்கு பக்கமும் கோரைப்பாய் முடைந்து மாட்டிய மாதிரி தெரியும். வளைவுகளைச் சுற்றி வட்ட வில்லைகள் முத்துக் கோத்தாற்போல வரிசையாக ஓடுகின்றன. வாசல் வளைவின் இரண்டு தோள்களிலும் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு கோலம். நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது. நிழல்தான் நிறம். வெயில் நகர நகர, பள்ளத்தில் விழுகிற நிழல் நீண்டும் குறுகியும் சுவரின் முகமே மாறிக்கொண்டிருக்கிறது. நாங்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் சுற்றுலாக் குழுக்கள் பல வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன.

உள்ளே போனால் இன்னொரு வேலைப்பாடு. சதுர அறைக்கு மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைப்பது எந்தக் கொத்தனாருக்கும் தலைவலிதான். இங்கே நான்கு மூலைகளிலும் குறுக்கே வளைவு எழுப்பி, சதுரத்தை எட்டு முகமாக்கி, அதைப் பதினாறாக உடைத்து, அப்புறம் வட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மத்திய ஆசியாவில் பின்னால் வந்த எத்தனையோ குவிமாடங்களுக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. அண்ணாந்து பார்க்கும்போது ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிகிறது, எதையும் மறைத்து வைக்கவில்லை.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சஷ்மா அய்யூப். அய்யூப் நபி கைத்தடியால் தரையைத் தட்டியதும் நீர் ஊறியதாக ஊர் மக்கள் நம்புகிற கிணறு உள்ளே இருக்கிறது. இன்றைய கட்டடத்தின் முக்கியப் பகுதி தைமூர் காலத்தது. கூர்மையான கூம்புக் கூரை புகாராவில் வேறெங்கும் காணாத வடிவம், ஹ்வாரஸ்ம் பக்கத்துப் பாணி.

அடுத்தது மகோகி அத்தோரி. பல பயணிகள் இதன் பக்கவாட்டில் நடந்துபோயும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். காரணம், பள்ளிவாசல் பள்ளத்தில் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வீடுகள் இடிந்து, மண் சேர்ந்து, தெருவின் மட்டம் ஏறிக்கொண்டே போக, இது கீழேயே தங்கிவிட்டது. 1930களில் சோவியத் அகழ்வாய்வாளர்கள் தோண்டியபோதுதான் தெற்கு வாசல் முழுதாக வெளிப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாசல் அது. செங்கல்லும் செதுக்கிய சுடுமண்ணும் சாந்து வேலையும் இடையிடையே துளி நீல ஓடும் சேர்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இஸ்லாம் வருவதற்கு முன் இதே இடத்தில் வேறு வழிபாட்டுத் தலம் இருந்தது. பக்கத்துச் சந்தையில் தெய்வ உருவங்கள் விற்றதாகவும் பழைய நூலில் குறிப்பு உண்டு. பிற்காலத்தில் வாசனைத் திரவியக் கடைகள் சூழ்ந்த பள்ளிவாசலாயிற்று. ஊர் யூதர்கள் ஒரு காலத்தில் இங்கேயே தங்கள் வழிபாட்டையும் நடத்தினார்கள் என்பது இன்றும் புகாராவில் சொல்லப்படுகிற செய்தி. இப்போது உள்ளே கம்பள அருங்காட்சியகம். படியிறங்கி அந்த வாசலுக்கு நேராக நில்லுங்கள். தலைக்கு மேலே தெரு, தெருவில் ஐஸ்கிரீம் வண்டி.

கலான் மினாராவை, பாங்கு சொல்லும் அந்தக் கோபுரத்தை, தவறவிடுவது முடியாத காரியம். ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். 1127இல் காராகானித் அரசர் அர்ஸ்லான் கான் கட்டியது. அதற்கு முன் அவர் எழுப்பிய மினாரா பள்ளிவாசல் மேலேயே சரிந்து விழுந்துவிட்டது. இரண்டாவது தடவை அஸ்திவாரத்தைப் பத்து மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டி, முழுக்கச் சுட்ட செங்கல்லால் எழுப்பினார்கள். உயரம் ஏறத்தாழ 46 மீட்டர், அடியில் குறுக்களவு 9 மீட்டர், மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் பதினாறு வளைவு சன்னல்களோடு ஒரு மாடம். உடம்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் செங்கல் கோலங்கள், ஒரு பட்டை போல இன்னொன்று இல்லை. மேலே, மாடத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி நீல மெருகு எழுத்து. மத்திய ஆசியாவில் கட்டட முகப்பில் மெருகு ஓட்டைப் பயன்படுத்திய மிக ஆரம்ப கால உதாரணங்களில் அதுவும் ஒன்று. சமர்கந்தில் பின்னால் பெருவெள்ளமாக வந்த நீலம், இங்கே ஒற்றை வரியாகத் தொடங்குகிறது. கட்டியவர் பெயர் பாகோ என்று மினாராவிலேயே பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ சுல்தான்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு மேஸ்திரியின் பெயரும் பிழைத்திருப்பதைக் கேட்டு மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று மாலைவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் "பாகோ, பாகோ" என்று மினாராவைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1220இல் செங்கிஸ் கான் இந்த ஊருக்குள் நுழைந்தான். பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி அந்த நாளை எழுதி வைத்திருக்கிறார். பெரிய பள்ளிவாசலின் முன்னால் வந்து, இது சுல்தானின் அரண்மனையா என்று கேட்டிருக்கிறான். இறைவனின் இல்லம் என்று பதில் வந்தது. வெளியே புல் இல்லை, குதிரைகளின் வயிற்றை நிரப்புங்கள் என்று ஆணையிட்டான். குர்ஆன் பிரதிகள் வைத்திருந்த பேழைகளைக் காலி செய்து குதிரைகளுக்குத் தீனித் தொட்டி ஆக்கினார்கள். ஏடுகள் குளம்படியில் மிதிபட, ஊரின் ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள், குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு நகரம் எரிந்தது. வீடுகள் பெரும்பாலும் மரவேலை என்பதால் சில நாளில் எல்லாம் சாம்பல். சுட்ட செங்கல்லால் கட்டிய ஜும்ஆ பள்ளிவாசலும் சில மாளிகைகளும் மட்டும் நின்றன என்கிறார் ஜுவைனி. மினாராவை அண்ணாந்து பார்த்தபோது செங்கிஸ் கானின் தொப்பி கீழே விழுந்தது, குனிந்து எடுத்தவன் என்னையே குனிய வைத்த இதை இடிக்க வேண்டாம் என்றான் என ஒரு கதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அது கதை. செங்கல் தீயில் வேகாது என்பது கதை இல்லை, அது ஏற்கெனவே வெந்தது.

700 வருடம் கழித்து, 1920 செப்டம்பரில், தளபதி ஃப்ரூன்ஸேயின் ரஷ்யச் செஞ்சேனை ஊரை முற்றுகையிட்டுக் குண்டு வீசியது. பக்கத்திலுள்ள ஆர்க் கோட்டையின் உட்பகுதி பெருமளவு எரிந்தது. மினாராவும் அடி வாங்கியது, பிறகு செப்பனிட்டார்கள்.

மினாராவை ஒட்டியுள்ள கலான் பள்ளிவாசல் இன்றைய வடிவில் 1514இல் முடிந்தது. 208 தூண்கள், அவற்றின் மேல் 288 சிறு குவிமாடங்கள், பத்தாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தொழலாம். சோவியத் காலத்தில் கிடங்காகக் கிடந்தது. இன்று மறுபடியும் பாங்கு சொல்லித் தொழுகை நடக்கிற பள்ளி. முற்றத்தில் லுஹர் தொழுதுவிட்டுத் தூண் வரிசைகளுக்குள் நடந்தால், வெளியே சுடுகிற வெயிலுக்கும் உள்ளே உள்ள குளுமைக்கும் அத்தனை வித்தியாசம். அவசரப்படாமல் நடக்க வேண்டிய இடம்.

எதிரே இரண்டு நீலக் குவிமாடங்களோடு மீர் அரப் மதரஸா. 1530களில் உபைதுல்லா கான் காலத்தில், யெமன் நாட்டு ஷெய்கு ஒருவரின் முயற்சியில் எழுந்தது. போரில் பிடித்த பாரசீகக் கைதிகளை அடிமைகளாக விற்ற பணத்தில் இதைக் கட்டினார்கள் என்ற செய்தியையும் தெரிந்துகொண்டே அந்த அழகைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்றும் மாணவர்கள் ஓதுகிற மதரஸா. சுற்றுலாப் பயணிகளுக்கு வாசலோடு சரி. சோவியத் ஆட்சி நாடு முழுவதும் மதரஸாக்களை மூடி வைத்திருந்த காலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திறக்க அனுமதித்தது இதைத்தான். வாசலில் நின்றிருந்த ஒரு பையனுக்கு மாமா சலாம் சொன்னார். பதில் சொல்லிவிட்டு எந்த ஊர் என்று கேட்டான். இந்தியா என்றதும் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தான். அந்த ஊரில் மரியாதை சொல்கிற முறை அது.

கொஞ்சம் நடந்தால் உலுக் பேக் மதரஸாவும் அப்துல் அஸீஸ் கான் மதரஸாவும் எதிரெதிரே. முன்னது 1417, பின்னது 1652. வானத்தை அளந்த அரசர் கட்டியது அடக்கமாக, கணக்காக இருக்கிறது. கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலர் மீதும் கடமை என்ற வாசகம் அதில் உண்டு. எதிரே உள்ளது பூவும் கொடியும் பூச்சாடியுமாக மஞ்சளும் நீலமும் வாரி இறைத்தது. எனக்கு முன்னதுதான் பிடித்தது. மாமாவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், பின்னதன் முன்னால் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. இடையில் வருகிற குவிமாடச் சந்தைகள், பொற்கொல்லர்களுடையதும் தொப்பிக்காரர்களுடையதும் நாணய மாற்றுக்காரர்களுடையதும், கடைகளால் நிரம்பி வழிகின்றன. நாணயம் மாற்றியவர்களில் முல்தான் பக்கத்திலிருந்து வந்த இந்திய வணிகர்கள் நிறையப் பேர். கடைகளை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள்.

லபி ஹவுஸ் குளக்கரையில்தான் எல்லாப் பயணிகளும் மாலையில் வந்து சேர்கிறார்கள். 1620இல் வெட்டிய குளம், சுற்றிலும் கிழட்டு முசுக்கட்டை மரங்கள், ஒரு கரையில் தர்வேஷ்கள் எனும் சூஃபித் துறவிகள் தங்குகிற கானகா, மறுகரையில் நதிர் திவான்பேகி மதரஸா. அந்த மதரஸாவின் முகப்பில் இரண்டு பெரிய பறவைகள் கால்களில் வெள்ளை மிருகத்தைப் பற்றிக்கொண்டு மனித முகமுள்ள சூரியனை நோக்கிப் பறக்கின்றன. மதரஸா வாசலில் உயிரினங்களின் உருவமா என்று திகைக்காதவர் இல்லை. வணிகர் சத்திரமாகக் கட்டிய இடம் அது. திறப்பு விழாவுக்கு வந்த கான் இதை மதரஸா என்று வாய்தவறியோ வேண்டுமென்றோ சொல்லிவிட, அரசர் சொல்லை மாற்ற முடியாமல் மதரஸாவாகவே ஆக்கினார்கள் என்பது வழிவழியாக வருகிற செய்தி.

இந்தக் குளத்தைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட குளங்கள் ஊரில் எண்பதுக்கும் மேல் இருந்தன. ஷாரூத் கால்வாயிலிருந்து நீர் நிரம்பும். தோல் பையில் மொண்டு வீடு வீடாக விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அழகுதான், ஆனால் அதே நீரில் நரம்புச் சிலந்திப் புழுவும் இருந்தது. குடித்தவர் காலில் ஒரு வருடம் கழித்துக் கொப்புளம் கிளம்பி, நூல் மாதிரிப் புழு வெளியே வரும். ஊர் நாவிதர்கள் குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். நம் ஊர்ப் படிக்கிணறுகளும் ஊருணிகளும் இதே புழுவால் பட்ட பாடு வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது 2000இல்தான். புகாராவில் 1920களிலேயே இசாயெவ் என்ற மருத்துவரின் தலைமையில் குளங்களை வற்றவைத்தும் தூர்த்தும், 1930களின் தொடக்கத்தில் நோயை ஒழித்துவிட்டார்கள். நோய் போனது நல்லது. நீர் போனதும் மினாரா உச்சிகளில் கூடு கட்டி வாழ்ந்த நாரைகளும் காலப்போக்கில் போய்விட்டன. கூடுகள் பழைய புகைப்படங்களில் இருக்கின்றன. ஆர்க் கோட்டைக்கு எதிரே போலோ ஹவுஸ் பள்ளிவாசலின் குளம் இன்னும் மிச்சம், செதுக்கிய இருபது மரத்தூண்கள் நீரில் விழுந்து நாற்பதாகத் தெரிகிற இடம்.

நக்‌ஷபந்தி தரீக்கா என்ற சூஃபி வழியின் ஷெய்கு பஹாவுத்தீன் அடங்கியிருப்பது ஊருக்கு வெளியே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில். மறைந்தது 1389இல். நினைவுச் சின்னம் என்று சொல்வதைவிட உயிருள்ள இடம் என்று சொல்லலாம். கிராமத்துப் பெண்கள் பளபளக்கும் பூப்போட்ட உடுப்புகளில் குடும்பம் குடும்பமாக வந்து துஆ செய்கிறார்கள். நெஞ்சு இறைவனிடம் இருக்கட்டும், கை வேலையில் இருக்கட்டும் என்பது அந்த வழியினரின் வாசகம். மாமா அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக நான் சொல்ல வேண்டியது சுவர்களின் அடிப்பகுதியைப் பற்றி. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பழைய நகரம் இது. முகப்பெல்லாம் பளிச்சென்று இருக்கும். தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை குனிந்து பாருங்கள். பல இடங்களில் வெள்ளை படர்ந்து, கல் மாவாக உதிர்கிறது.

"ஓதம் ஏறியிருக்கு. உப்பு பூத்துட்டா கல்லு நிக்காது மாப்ள" என்றார் மாமா, விரலால் தடவி மாவைக் காட்டி.

பருத்திக்காக ஆமு தரியா ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிப் பாசனம் செய்ததில் நிலத்தடி நீர் உயர்ந்துவிட்டது. அந்த உவர் நீரை செங்கல் உறிஞ்சுகிறது, நீர் காய்ந்ததும் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. பழைய கொத்தனார்கள் அடிவரிசையில் நாணலைப் பரப்பி, அதன் மேல் கட்டி ஓதத்தைத் தடுத்தார்கள். ஜிப்சம் கலந்த கஞ்ச் சாந்து வைத்தார்கள், அது கல்லோடு சேர்ந்து மூச்சு விடும். பிற்காலச் செப்பனிடலில் பல இடங்களில் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறிப் போய் அங்கே உதிர்க்கிறது. மரவேலைகளைக் கரையான் தனியாகத் தின்றுகொண்டிருக்கிறது. நிலத்தடி நீரை இறக்குவதும், பழைய சதுரக் கல்லைச் சுடுகிற சூளைகளையும் கஞ்ச் குழைக்கத் தெரிந்த கைகளையும் காப்பாற்றுவதும்தான் முதலில் நடக்க வேண்டிய வேலை. புது ஓடு பதிப்பது அதற்கு அப்புறம் ஆகட்டும். செங்கிஸ் கானின் தீயையும் ஃப்ரூன்ஸேயின் குண்டையும் தாங்கிய சுவர், அடியில் ஊறுகிற உப்புநீருக்குப் போய்விடக் கூடாது.